கல்லாய் நின்ற கதாநாயகன்

ஒரு வரிதானம்மா, ஒரே ஒரு வரி என்று இந்தத் திவாகர் இடைவேளையில் காபியை நீட்டும்போது மறுபடியும் சொன்னான். நான் தலையை ஆட்டினேன். காபிக்கு ஆட்டினேனா வரிக்கு ஆட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை. அவன் வரிக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான், படம் எடுக்கிறவர்கள் எல்லாருமே அப்படித்தான், இந்தப் படத்தைத் தயாரித்த இவன் தாத்தாவும் அப்படித்தான், தும்மினால்கூட சம்மதம் என்று கணக்கில் வைத்துக்கொள்வார். "இளவரசே! என்னைக் காப்பாற்றுங்கள்!" இவ்வளவுதான் அந்த வரி. நாளைக் காலையில் ஸ்டுடியோவில் மைக் முன்னால் நின்று நான் இதைச் சொன்னால் போதுமாம், என் குரலில் இருக்கிற கிழத்தை மெஷின் எடுத்துவிடுமாம். சொன்னால் இவன் கைக்காசைப் போட்டு, இதோ எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் இந்தப் பழைய பிரிண்டைச் சுத்தம் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, 'பனிமலை வீரன்' படத்தை வீட்டுக்கு வீடு வரவைப்பான். சொல்லாவிட்டால் பெட்டி திரும்பக் குடோனுக்குப் போகும். நெகட்டிவ் எப்போதோ வெள்ளத்தில் போய்விட்டது, மிச்சம் இருக்கிற பிரிண்ட் இது ஒன்றுதான், ரீலைத் திறந்தால் புளித்த காடி நாற்றம் அடிக்கிறது, இன்னொரு கோடை தாங்காது என்று மேலே ஆபரேட்டரே சொன்னார். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பதில் சொல்லுங்கம்மா, அவசரமே இல்லை என்றான். படம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. இதற்குப் பெயர் அவசரமில்லையாம்.

சாலிகிராமத்தில் இந்த மாதிரி ப்ரிவியூ தியேட்டர்கள் எல்லாம் கல்யாண மண்டபமாகவும் ஜிம்மாகவும் மாறிப்போய்விட்டன, இது ஒன்று எப்படியோ தப்பியிருக்கிறது. ஏசி என்னவோ பிணவறை மாதிரி போட்டிருக்கிறார்கள், முழங்கால் இரண்டும் கடுகடுவென்று வலிக்கிறது, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துச் சீட்டில் திவாகர், அவனுக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்க்கப் போகிற ஒருத்தன், பெயர் சொன்னார்கள், மறந்துவிட்டது, முதல் ரீலிலிருந்து அவன் சிரித்துக்கொண்டே இருக்கிறான். வௌவால் பறந்தால் சிரிக்கிறான். கம்பி தெரிகிறதாம். தெரியத்தான் தெரிகிறது, எனக்கு மட்டும் கண் இல்லையா. அந்த வௌவாலை ஆர்ட் டைரக்டர் பழைய குடைத்துணியில் செய்தார், நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், ஒரு குடை இரண்டு வௌவால். இப்போது மந்திரவாதியின் தாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அவன் மறுபடியும் கிக்கிக்கென்கிறான், சிரி, நல்லாச் சிரி. எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று கிடந்து குடைகிறது, அதைச் சொல்லிவிடுகிறேன், பயம். ரிலீஸ் ஆனபோது பார்த்ததோடு சரி, அதற்கப்புறம் நான் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு மனசுக்குள்ளேயே ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறேன், சமையல் செய்யும்போது, ஷூட்டிங்கில் காத்துக் கிடக்கும்போது, பிரசவ வலியில்கூட. மனசு தேய்த்துத் தேய்த்து மெருகேற்றி வைத்திருக்கலாம். உண்மையில் கடைசியில் நான் போடுகிற அந்தச் சண்டை படுகேவலமாக இருக்கலாம். அப்படியிருந்தால் நாளைக்குப் போய் அந்த வரியைச் சொல்லித் தொலைத்துவிடலாம், பிடிவாதம் பிடிக்க என்ன இருக்கிறது. அதுதான் பயம். கடைசி ரீல் வரட்டும்.

திரையில் இருக்கிற இந்தப் பெண் பெயர் வனமாலா. வனமாலா என்பது இவன் தாத்தா எனக்கு வைத்த பெயர், ஞானசுந்தரி என்கிற சொந்தப் பெயரைப் போட்டால் டிக்கெட் கிழியாதாம். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்து எறிபந்து டீமில் நான்தான் கேப்டன், வாத்தியாரம்மா ஒருத்தி இந்தக் கையை வைத்துக்கொண்டு நீ பாத்திரமா தேய்க்கப் போகிறாய் என்று கேட்பாள். அந்தக் கையைப் பார்த்துத்தான் டைரக்டர் கமலநாதன் என்னைத் தேர்ந்தெடுத்தார், முகத்தைப் பார்த்து அல்ல. மற்ற பெண்களையெல்லாம் திரும்பு, சிரி, நட என்று சொன்னவர் என்னிடம் ஒரு நாற்காலியைக் காட்டி அதைத் தூக்கி அந்தப் பக்கம் வை என்றார், வைத்தேன், அவ்வளவுதான் டெஸ்ட். அம்மா அழுதாள், சாமியார் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணினார், நான் கிளம்பி வந்துவிட்டேன். குரலும் என் குரல்தான் போட்டார்கள், அந்தக் காலத்தில் புதுமுகத்துக்கு அது நடக்காது, பின்னணி பேச வந்த அம்மாள் மூக்கடைப்பு என்று வராமல் போக, நானே பேசித் தொலைத்தேன். இதோ பேசுகிறாளே, "மந்திரியாரே, குதிரைகளைப் பூட்டச் சொல்லுங்கள்", அதில் 'பூட்ட' எங்கள் ஊர்ப் 'பூட்ட'தான், கேட்டாலே தெரியும். திவாகர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், இவனுக்கு என்ன தெரியப்போகிறது. நல்ல பையன்தான், குறை சொல்லக்கூடாது, கார் அனுப்பினான், படி ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டான். நல்ல பையன்களிடம்தான் மாட்டேன் என்று சொல்வது கஷ்டம், கெட்டவனிடம் மூஞ்சியில் அடித்தமாதிரி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

விஜயேந்தர் குதிரையில் வருகிறார். படத்தின் வீரன் அவர்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, காற்றில்லாத இடத்தில் அங்கவஸ்திரம் பறக்க, பறப்பதற்கு நூல் கட்டி இழுத்தார்கள். போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார், பாவம், அதனால்தான் இத்தனை கூத்தும், அவர் ரசிகர்கள் பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறார்களாம், யாரும் பார்க்காத ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் இவனுக்கு மூளை வேலை செய்திருக்கிறது. ஆனால் கடைசி ரீலில் விஜயேந்தர் இல்லை. இருப்பது ஒரு பிளாஸ்டர் பொம்மை. எல்லாம் ஒரு பூசணிக்காயால் வந்த வினை. க்ளைமாக்ஸ் எடுக்கத் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போயிருந்தோம், பனிமலை செட் போட வக்கில்லை, உப்பு அம்பாரம் வெள்ளையாகத்தானே இருக்கிறது, நீலக் கண்ணாடியை லென்ஸில் மாட்டினால் பனி என்று கேமராக்காரர் சொல்லிவிட்டார். அங்கே உப்பளத்து மேஸ்திரி ஒருவர் புது இடம், திருஷ்டி கழித்துவிட்டு ஆரம்பியுங்கள் என்று சொல்ல, எங்கள் மேனேஜர் சேதுராமன் அந்த மனுஷன் சொன்னதைக் கேட்டு ஒரு பூசணிக்காயைச் சுற்றி, நட்ட நடுவில் போட்டு உடைத்துவிட்டார். முதல் நாள் பூஜையில் உடைத்தால் ஆரம்பம், அதற்கப்புறம் உடைத்தால் படப்பிடிப்பு முடிந்தது என்று அர்த்தம், சினிமாவில் லைட் தூக்குகிறவருக்கும் தெரியும், சேதுராமனுக்குத் தெரியாதா, தெரியும், வெயிலில் மறந்துவிட்டார். விஜயேந்தர் மேக்கப்போடு காரைவிட்டு இறங்கினார், வெள்ளை உப்பில் குங்குமமும் பூசணிச் சதையும் சிதறிக் கிடந்ததைப் பார்த்தார். "என் படத்துக்குப் பூசணிக்கா உடைச்சாச்சா? அப்ப முடிஞ்சுது. இதுக்கு மேல நான் முகத்துல பவுடர் வெச்சா என் குடும்பத்துக்கு ஆகாது" என்றார். டைரக்டர் கெஞ்சினார், சேதுராமன் காலில் விழுந்தார், மேஸ்திரி நான் சாதாரணமாத்தான் சொன்னேன் ஐயா என்று அழுதே விட்டார். கார் கதவு சாத்திக்கொண்டது. வண்டி போன பிறகும் அந்தப் புழுதி கொஞ்ச நேரம் அப்படியே நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலம் கமலநாதன் உப்புமேட்டில் உட்கார்ந்து பீடியாகப் பற்றவைத்துத் தள்ளினார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "மாலா, ஹீரோவக் கல்லாக்கிரலாம்" என்றார். யார் ஆக்குவது என்றேன். "மந்திரவாதிதான். ஹீரோ கல்லாயிட்டான், அப்புறம் நீதான். வேற யாரு இருக்கா?" வேற யாரு இருக்கா. என்னை யாராவது பாராட்டிச் சொன்னதில் இதற்கு மேல் ஒன்று இல்லை, அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை என்பதுதான் அதில் விசேஷம். விஜயேந்தரின் உடுப்பை மாட்டி ஒரு பிளாஸ்டர் சிலை நின்றது, மூக்கு கொஞ்சம் கோணல். தகர மார்க்கவசம் வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்தது, செருப்பில்லாமல் நிற்க வேண்டும், இளவரசி மிதியடியைப் பனியில் தொலைத்துவிட்டாள் என்று ஏற்கனவே ஒரு காட்சி எடுத்தாகிவிட்டது. பாதமெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு. மந்திரவாதியாக நடித்த மாசிலாமணி அண்ணன் தங்கமான மனுஷன், வெற்றிலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் ஓடி வந்து, "பாப்பா, அடி கிடி பட்டுருச்சா? பட்டா சொல்லிரும்மா" என்பார், உடனே போய் நின்று கண்ணை உருட்டி ஹஹஹா என்று சிரிப்பார். அவர் மந்திரக்கோலைப் பிடுங்கி நான் முழங்காலில் வைத்து உடைக்க வேண்டும். பாதி அறுத்து வைத்த கோல் ஒன்று உண்டு, உதவியாளர் தவறுதலாக அறுக்காத கோலைக் கொடுத்துவிட்டார், அசல் தேக்கு. கேமரா ஓடுகிறது. உடைக்கிறேன், உடையவில்லை. கட் சொல்வார் என்று பார்க்கிறேன், சொல்லவில்லை. மறுபடியும். உடையவில்லை, முழங்கால் மரத்துப்போய்விட்டது. அந்த முழங்கால்தான் இப்போது இந்த ஏசியில் வலிக்கிறது, இல்லை, வயசானால் எல்லா முழங்காலும் வலிக்கும், எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் முடிச்சுப் போடக்கூடாது. மூன்றாவது தடவை ஒரு சத்தம் போட்டேன், அது வசனத்தில் இல்லை, கோல் உடைந்தது. டப்பிங்கில் அந்தச் சத்தம் திரும்ப வரவே இல்லை, எத்தனையோ தடவை கத்திப் பார்த்தேன், கடைசியில் உப்பளத்தில் பதிந்ததையே காற்றுச் சத்தத்தோடு வைத்துக்கொண்டார் கமலநாதன்.

திவாகர் மாற்றப் போவது அங்கேதான். இரண்டாவது அடியிலும் கோல் உடையாதபோது இளவரசி கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் கல் வெடிக்கும், உள்ளேயிருந்து கம்ப்யூட்டர் விஜயேந்தர் வருவார், ஒற்றைக் கையால் கோலை உடைப்பார். "அவங்க கூப்பிட்டாத்தானம்மா கல்லு வெடிக்கும்? லாஜிக் வேணுமில்ல?" என்றான். குடைத்துணி வௌவால் பறக்கிற படத்தில் இவனுக்கு லாஜிக். குரலையும் மெஷினிலேயே செய்துவிடலாமாம், ஆனால் என் சம்மதம் இல்லாமல் செய்தால் வாங்குகிற கம்பெனி தொடாதாம், அதுவும் போக நீங்களே பேசினால் ஒரு மரியாதை என்றான். என் மூன்றாவது அடியை எடுத்துவிட்டு எனக்கு மரியாதை.

அன்றைக்கும் ஜனங்கள் இதைத்தான் கேட்டார்கள், அதை மறைப்பானேன். மதுரையில் முதல் நாள் முதல் காட்சிக்கு என்னை அழைத்துப் போயிருந்தார்கள், பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். சிலை வந்ததும் கீழே எங்கடா எங்க ஆளு என்று ஒரு குரல். நான் கோலை உடைக்க முடியாமல் தவித்தபோது தியேட்டரே சிரித்தது, ஒரு குச்சிய ஒடிக்கத் துப்பில்ல, இவளெல்லாம் சண்டைக்கு வந்துட்டா என்று ஒருத்தன் கத்தினான், மூன்றாவது அடியில் செருப்பு பறந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வேறு படம் போட்டுவிட்டார்கள். விஜயேந்தர் பத்திரிகையில் அந்தப் பொண்ணு ராசியில்லாதது என்றார். உடைத்தது சேதுராமன், ஓடியது அவர், ராசியில்லாதது நான். ராசியில்லாத கதாநாயகிக்குக் கிடைப்பது அம்மா வேஷம், என்னைவிட மூத்த ஹீரோவுக்கு நான் தலையில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு அம்மாவாக நின்றேன். அப்புறம் டிவி வந்தது. அழுதேன். காலையில் ஒரு சீரியலில் அழுது, மத்தியானம் இன்னொன்றில் அழுது, ஒரே கிளிசரின் பாட்டில். ஐயா என் மகனைக் காப்பாத்துங்க, டாக்டர் என் புருஷனைக் காப்பாத்துங்க, இன்ஸ்பெக்டர், வக்கீல் சார், அம்மா தாயே மாரியாத்தா, யாரைத்தான் நான் கூப்பிடவில்லை. அந்த வரி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன், இவன் நினைப்பது சரிதான், நாளைக்கு ஒரே டேக்கில் ஓகே ஆகிவிடும். என் வாழ்நாளில் நான் அதைச் சொல்லாத படம் ஒன்றே ஒன்றுதான்.

மகள் பெனிட்டா நேற்றுப் போனில், "சரின்னு சொல்லிரும்மா, இப்பவாவது நாலு பேரு பாக்கட்டும், உன் பேரு டைட்டில்ல வரும்லா" என்றாள். அவள் பார்த்ததில்லை. பேரன் பார்த்ததில்லை. கட்டிய புருஷனே பார்த்ததில்லை, அவர் போகும்வரை ஒரு நாள் போட்டுக் காட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தார், பிரிண்ட் எங்கே இருக்கிறது என்றே அப்போது எனக்குத் தெரியாது. ஆசை இருக்கிறது, ஏன் இருக்காது, வயிறெல்லாம் ஆசை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் திரும்பிப் பார்த்து நீங்கதானே அந்த இளவரசி என்று கேட்க வேண்டும் என்று எனக்கு இன்னமும் இருக்கிறது, வெட்கமாயிருந்தாலும் இருக்கிறது. படத்தில் முக்கால்வாசி அப்படியேதானே இருக்கப் போகிறது, குதிரை ஏறுவது இருக்கும், கயிற்றில் தாண்டுவது இருக்கும், நான் போனதும் இதைப் பற்றிச் சொல்ல ஆளே இல்லை. கமலநாதன் இல்லை, மாசிலாமணி அண்ணன் இல்லை. ஒரு வரி. சொல்லிவிட்டால்தான் என்ன, சொல்லிவிட்டால் என்ன குடிமுழுகிப் போகிறது, சொல்லிவிடு ஞானசுந்தரி, சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீரில் காலை வை.

உப்புமேடு வந்துவிட்டது. நீலம் எல்லாம் வெளுத்துப்போய் இப்போது பனியாகவும் இல்லை உப்பாகவும் இல்லை, வெறும் வெள்ளையாக இருக்கிறது. சிலை நிற்கிறது, கோணல் மூக்கோடு, கம்ப்யூட்டர்காரன் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான். சிலையைத் தாண்டி அவள் வருகிறாள். இவ்வளவு சின்னப் பெண்ணா நான். கை மட்டும் பெரிசு. நொண்டுகிறாள், அது நடிப்பில்லை, கால் வெடிப்பு. வாள் வீச்சு சுமார்தான், சொல்லிவிடுகிறேன், என் மனசில் ஓடிய அளவுக்கு வேகம் இல்லை, ஓரிடத்தில் மாசிலாமணி அண்ணன் எனக்காகக் காத்திருந்து அடி வாங்குவது பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. பிடுங்கிவிட்டாள். முழங்காலைத் தூக்குகிறாள், அடி. உடையவில்லை. சிரிப்பு. அவள் யாரையோ பார்க்கிறாள், கமலநாதனைத்தான், கேமராவுக்குப் பக்கத்தில், கட் சொல்லுங்களேன் என்று, ஆனால் திரையில் அது அப்படித் தெரியவில்லை, யாராவது வருவார்களா என்று பார்ப்பதாகத் தெரிகிறது, யாரும் வரவில்லை. மறுபடி அடி. உடையவில்லை. இங்கேதான் அந்த வரி வரும். இதோ இந்த இடம், வாய் திறந்திருக்கிறது, மூச்சு வாங்குகிறாள், நாக்கைக்கூடப் பொருத்திவிடலாம், வாகாகத்தான் இருக்கிறது, இவர்கள் இடத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். அவள் சிலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோலைப் பார்க்கிறாள். பார்க்கிறாள் பார், எங்கள் வீட்டு அடுப்படியில் ஈர விறகைப் பார்ப்பேனே அந்தப் பார்வை, நீயா நானா என்று. சத்தம். ஐயோ, என்ன சத்தம் அது, காற்றோடு கலந்து, பெண் குரலா ஆண் குரலா என்றே தெரியாமல், கோல் இரண்டாகிவிட்டது. சிரிப்பைக் காணோம். பக்கத்தில் திவாகரின் போன் வெளிச்சம் அணைந்து கிடக்கிறது, அவன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், எப்போது சாய்ந்தான் என்று நான் பார்க்கவில்லை. கேவலமாக இல்லை. நான் பொய்யாக ஒன்றும் மெருகேற்றி வைத்திருக்கவில்லை. நன்றாகவே இருக்கிறது, என் கண்ணே பட்டுவிடும், அவ்வளவு நன்றாக இருக்கிறது.

விளக்கைப் போட்டுவிட்டார்கள். கண் கூசுகிறது. அழுகிறேனா, ஆமாம், காசு வாங்காமல் அழுகிறேன். திவாகர் தொண்டையைச் செருமினான்.

"நல்லாத்தாம்மா இருக்கு. அந்த இடம்... நான் எடிட்டிங் டேபிள்ல சின்னதா ஓட்டி ஓட்டிப் பாத்தேன், இப்படித் தெரியல" என்றான். அப்புறம், வியாபாரி வீட்டுப் பிள்ளை அல்லவா, சுதாரித்துக்கொண்டு, "ஆனா விஜயேந்தர் சார் இல்லாம இத யாரும் வாங்க மாட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி அனுப்பட்டுமா?" என்றான்.

"வேண்டாம் தம்பி. நான் சொல்லுததா இல்ல."

"ஒரு வரிம்மா."

"தெரியும். ஊருல உள்ள அத்தன பேரையும் கூப்பிட்டுக் காப்பாத்தச் சொல்லியாச்சு, வயித்துப் பொழப்பு. இந்தப் பிள்ள கூப்பிடல. கூப்பிடாமலே ஒடிச்சிட்டா. இப்ப அவ வாயில நான் கொண்டுபோய் அதத் திணிக்க மாட்டேன்."

"அப்ப நான் செலவு பண்ண முடியாதும்மா. கோச்சுக்காதீங்க. பெட்டி குடோனுக்குப் போயிரும், அடுத்த வருஷம் ஓட்டக்கூட முடியாது. வீணாப் போயிரும்."

வீணாய்ப் போய்விடும். வலிக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொன்னால் அது நடிப்பு. பெனிட்டா கத்துவாள். பஸ்ஸில் எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தேன், கால் மரத்திருந்தது, அவன் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினான், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன், இந்தத் தடவை எதற்கு ஆட்டினேன் என்று இருவருக்குமே தெரிந்தது.

"பிடிவாதம் பிடிச்சு என்னம்மா ஆகப்போவுது?" என்றான், குரலில் உண்மையாகவே வருத்தம். "இந்தச் சண்டைய இனிமே ஒருத்தரும் பாக்கப் போறதில்லையே."

"நீ பாத்துட்டியே தம்பி" என்றேன்.

நான் வெளியே வந்து ஆட்டோ தேட ஆரம்பித்தேன்.